விரலுக்கு அடங்கும் அம்புக்குறி

நம்மவர் வீடுகள் பலவற்றில் இன்று ஒரு மடிக்கணினி இருக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் மகன் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு, பழையதைப் பெற்றோரிடம் விட்டுப் போயிருப்பான். அல்லது படிப்பு முடித்த மகள், "அப்பா, இனிமேல் இது உங்களுக்கு" என்று கொடுத்திருப்பாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்கு டிக்கெட் எடுக்க, வங்கிக் கணக்கைச் சரிபார்க்க, ஓய்வூதிய விவரங்களைப் பார்க்க, பேரக் குழந்தையின் முகத்தைக் கைபேசியைவிடப் பெரிய திரையில் பார்த்துப் பேச, எல்லாவற்றுக்கும் அது உதவும். ஆனாலும் பல வீடுகளில் அது உறைக்குள் புகுந்து அலமாரியில் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறது. காரணம் கேட்டால், "எல்லாம் சரிதான் சார், அந்த அம்புக்குறி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை" என்ற பதில்தான் வருகிறது.

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது. அம்புக்குறியை நகர்த்தத் தெரியாததால், பக்கத்து வீட்டுப் பையனிடமோ கடைத்தெருவில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடமோ போய் வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைச் சொல்லி வேலையை முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புகளைக் கட்டி ஆண்டவர்கள், ஒரு ரயில் டிக்கெட்டுக்காகப் பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவில் நிற்பது உள்ளங்கை அகலமுள்ள ஒரு வழவழப்பான சதுரம்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு, நம் கைக்கு ஏற்றபடி அதைத் திருத்தி வைத்துக்கொண்டால் அம்புக்குறி அடங்கிவிடும். வழியைப் பார்ப்போம்.

மடிக்கு வந்த கதை

கம்ப்யூட்டர் திரையில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட ஒரு கருவி வேண்டும் என்ற எண்ணம் பழையது. கனடா நாட்டுக் கடற்படைக்காக 1952-ல் செய்யப்பட்ட ஓர் அமைப்பில், பொறியாளர்கள் பௌலிங் விளையாட்டுப் பந்து ஒன்றைப் பொருத்தி, அதை உருட்டித் திரையில் குறியை நகர்த்தினார்கள். உருள் பந்து என்னும் டிராக்பாலின் மூதாதை அது. அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் 1964-ல் மரப்பெட்டிக்குள் இரண்டு சக்கரங்களை வைத்து முதல் மவுஸை உருவாக்கினார். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய சபையின் முன்னால் அதை இயக்கிக் காட்டினார்.

மேஜை இருந்த வரையில் மவுஸுக்குக் குறையில்லை. கம்ப்யூட்டர் மடிக்கு வந்ததும் சிக்கல் வந்தது. ரயில் பெட்டியில் மவுஸை எங்கே உருட்டுவது? ஆரம்பத்தில் கீபோர்டின் ஓரத்தில் ஒரு குட்டி உருள் பந்தை மாட்டிப் பார்த்தார்கள். ஆப்பிள் நிறுவனம் 1991-ல் தன் பவர்புக் மடிக்கணினிகளில் கீபோர்டைத் திரைப் பக்கமாக உள்ளே தள்ளி, முன்னால் உள்ளங்கை வைக்க இடம் விட்டு, அதன் நடுவில் உருள் பந்தை வைத்தது. இன்று கடையில் நாம் காணும் மடிக்கணினிகள் எல்லாம் ஏறக்குறைய அந்த அமைப்பில் உள்ளவைதான்.

மறு வருடம், 1992-ல், ஐ.பி.எம். நிறுவனம் வேறு வழியில் போனது. டெட் செல்கர் என்ற ஆராய்ச்சியாளர், கீபோர்டிலிருந்து கை மவுஸுக்குப் போய்ச் சேர முக்கால் விநாடி ஆகிறது என்ற கணக்கைப் படித்தார். கையை எடுக்கவே வேண்டாமே என்று யோசித்து, எழுத்துகளின் நடுவிலேயே ஒரு சின்னக் குமிழை வைத்தார். திங்க்பேட் மடிக்கணினிகளில் ஜி, எச், பி விசைகளுக்கு நடுவே குங்குமப் பொட்டுப் போலத் தெரிகிறதே, அந்தச் சிவப்புக் குமிழ்தான் அது.

1994-ல் ஆப்பிள் தன் அடுத்த வரிசை பவர்புக்குகளில் பந்தை எடுத்துவிட்டு, விரலால் தடவும் தட்டையான பலகையை வைத்தது. உருள் பந்தில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது. இந்தப் பலகையிலோ ஓடி ஆடும் பாகம் எதுவும் இல்லை. ஆகவே சில ஆண்டுகளிலேயே மற்ற நிறுவனங்களும் இதற்கு மாறின. இதைத்தான் டச்பேட் என்கிறோம். தொடுபலகை என்று தமிழில் சொன்னாலும் பொருத்தமே.

அழுத்தத்தை அறியாது, விரலை அறியும்

அந்தப் பலகையின் மேல்தோலுக்குக் கீழே, பாய் பின்னியதுபோல, நெடுக்கிலும் குறுக்கிலும் மெல்லிய மின்கோடுகள் ஓடுகின்றன. அவற்றில் மிகச் சிறிய அளவில் மின்னேற்றம் இருக்கிறது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தக்கூடியது என்பது தெரிந்ததே. விரல் அருகில் வந்ததும் அந்த இடத்து மின்னேற்றம் சற்றே மாறுகிறது. உள்ளே இருக்கும் சில்லு விநாடிக்குப் பல முறை எல்லாக் கோடுகளையும் அளந்து, எந்த இடத்தில் மாறியது, எவ்வளவு மாறியது என்று கணக்கிட்டு, விரலின் நடுப்புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. விரல் நகர்ந்தால் புள்ளி நகர்கிறது. அம்புக்குறியும் நகர்கிறது.

இதிலிருந்து சில நடைமுறை உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, நகர்த்துவதற்கு அழுத்தம் தேவையே இல்லை. அம்புக்குறி நகரவில்லை என்றதும் பலரும் விரலை அழுத்தித் தேய்க்கிறார்கள். அழுத்தினால் விரலின் சதை விரிந்து, அதன் நடுப்புள்ளி இடம் மாறுகிறது. அம்புக்குறி தடுமாறுகிறது. தோசைக்கல்லில் மாவை இழுக்கும்போது கரண்டியை அழுத்தினால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மிருதுவான கைதான் இங்கேயும் வேண்டும்.

இரண்டாவது, நகத்தால் தொட்டால் அதற்குத் தெரியாது. விரல் நுனியின் சதைப் பகுதிதான் பட வேண்டும். டில்லிக் குளிரில் கம்பளிக் கையுறையோடு தடவினாலும் பயனில்லை. மூன்றாவது, ஈரம் அதைக் குழப்பிவிடும். பாத்திரம் கழுவிய கை, மே மாத வியர்வைக் கை, தலைக்கு எண்ணெய் தடவிய கை ஆகியவற்றோடு உட்கார்ந்தால் அம்புக்குறி தாவித் தாவிப் போகும். கையைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். பலகையையும் அவ்வப்போது, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, லேசாக ஈரமாக்கிப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்து உலரவிடுங்கள்.

கைபேசி கற்றுத் தந்த பழக்கம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நம்மில் பலர் மவுஸைத் தொடாமலே கைபேசிக்கு வந்தவர்கள். கைபேசியில் எந்தப் படத்தைத் திறக்க வேண்டுமோ அந்தப் படத்தின் மேலேயே விரலை வைக்கிறோம். விரல் தொட்ட இடமும் வேலை நடக்கும் இடமும் ஒன்றுதான்.

டச்பேட் அப்படிப்பட்டதன்று. அது திரையின் சின்ன வரைபடம் இல்லை. திரையின் வலது மேல் மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தொட வேண்டும் என்று பலகையின் வலது மேல் மூலையில் விரலை வைத்தால் ஒன்றும் நடக்காது. அம்புக்குறி பழைய இடத்திலேயே நிற்கும். பலகையில் நீங்கள் எங்கே தொட்டீர்கள் என்பது கணக்கில்லை. தொட்ட இடத்திலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு நகர்த்தினீர்கள் என்பதே கணக்கு. தரையில் கிடக்கும் புளியங்கொட்டையைக் குச்சியால் தள்ளுவதுபோல நினைத்துக்கொள்ளுங்கள். கொட்டை எங்கே இருக்கிறதோ அங்கிருந்துதான் தள்ள முடியும்.

ஆகவே விரல் பலகையின் ஓரத்தை எட்டிவிட்டால் பதற வேண்டாம். விரலை எடுத்து, மறுபடி நடுவில் வைத்து, அதே திசையில் தொடருங்கள். விரல் மேலே இருக்கும்போது அம்புக்குறி நகராமல் காத்திருக்கும். எடுத்து வைப்பது என்னும் இந்த ஒன்று கைவந்துவிட்டாலே பாதிப் பாடம் முடிந்தது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. விரலை வேகமாக இழுத்தால் அம்புக்குறி அதிக தூரம் ஓடும். அதே அளவு தூரத்தை மெதுவாக இழுத்தால் கொஞ்ச தூரமே போகும். பெரிய திரையைச் சின்னப் பலகையால் ஆள்வதற்காகச் செய்த ஏற்பாடு இது. தொலைவில் போக வேண்டுமானால் ஒரு வீச்சு, பிறகு குறியை நெருங்கியதும் பொறுமையாக ஒரு நகர்த்தல். தூரத்தை வேகத்தால் கடந்து, இலக்கை நிதானத்தால் தொட வேண்டும்.

ஒரு விரல், இரண்டு விரல், மூன்று விரல்

ஆள்காட்டி விரல் ஒன்றால் தடவினால் அம்புக்குறி நகரும். சரியான இடத்துக்கு வந்ததும் ஒரு முறை மெல்லத் தட்டினால், அது மவுஸின் இடது பொத்தானை அழுத்தியதற்குச் சமம். கோப்பைத் திறக்க இரண்டு முறை விரைவாகத் தட்ட வேண்டும். இரண்டாவது தட்டலுக்குள் விரல் நகர்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் அதை வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அது சிரமமாக இருந்தால், ஒரு முறை தட்டித் தேர்ந்துவிட்டு, கீபோர்டில் என்டர் விசையை அழுத்துங்கள். பலன் ஒன்றே.

ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து மேலும் கீழும் இழுத்தால் பக்கம் நகரும். நீண்ட செய்தியைப் படிக்க இதைவிட வசதியானது வேறில்லை. இரண்டு விரலையும் சேர்த்து ஒரு முறை தட்டினால், மவுஸின் வலது பொத்தான் தரும் பட்டியல் திறக்கும். இரண்டு விரல்களையும் விரித்தால், இணையப் பக்கம், படம் போன்றவற்றில் எழுத்தும் உருவமும் பெரிதாகும். குவித்தால் சிறிதாகும். கண்ணாடியைத் தேடி எழுந்து போகும் நேரம் மிச்சம்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் மூன்று விரல்களை மேல்நோக்கி இழுத்தால் திறந்திருக்கும் எல்லாப் பக்கங்களும் வரிசையாகத் தெரியும். கீழ்நோக்கி இழுத்தால் எல்லாம் ஒதுங்கி முதல் திரை வரும். "நான் படித்துக்கொண்டிருந்த பக்கம் எங்கேயோ காணாமல் போய்விட்டது" என்பவர்களுக்கு முதலாவது கைகொடுக்கும். தற்செயலாக மூன்று விரல் பட்டுத்தான் பல சமயம் அந்தப் பக்கம் ஒளிந்திருக்கும்.

பழைய மடிக்கணினிகளில் பலகைக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் தனியாக இருக்கும். புதியவை பலவற்றில் பலகையே பொத்தான். அதன் கீழ்ப்பகுதியை அழுத்தினால் 'டிக்' என்று இறங்கும். பல மாதிரிகளில் பலகையின் மேல் ஓரம் கீல் போட்டது போல அமைந்திருப்பதால், மேல்பக்கம் அழுத்தினால் இறங்காது. பலம் போதவில்லை என்று நினைக்க வேண்டாம், கீழே வந்து அழுத்துங்கள். 2015 முதல் ஆப்பிளின் மடிக்கணினிகள் பலவற்றில் வந்துள்ள பலகை உண்மையில் இறங்குவதே இல்லை. அழுத்தத்தை அளந்து, ஒரு சின்ன அதிர்வைக் கொடுத்து, இறங்கியது போன்ற உணர்வைத் தருகிறது.

ஒரு பொருளை இழுத்துக்கொண்டுபோய் வேறிடத்தில் வைக்கும் வேலைதான் எல்லோருக்கும் கடினம். ஒரே விரலால் அழுத்திக்கொண்டே இழுக்க முயல்வதால் வரும் தொல்லை இது. இரண்டு கைகளைப் பயன்படுத்துங்கள். இடது கை விரலால் பலகையின் இடது கீழ் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கை விரலால் இழுங்கள். சேர்ந்த இடத்தில் இடது விரலை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் கைக்கு ஏற்ற அளவு

கடையில் வாங்கிய சட்டையைக் கை நீளம் பார்த்துத் திருத்திக்கொள்கிறோம் அல்லவா? டச்பேடும் அதுபோல எல்லோருக்கும் பொதுவாக ஓர் அளவில் தைத்து அனுப்பப்பட்டதுதான். விண்டோஸ் 11 உள்ள கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ் என்ற பகுதிக்குள் சென்று, புளூடூத் அண்ட் டிவைசஸ் என்பதன் கீழ் டச்பேட் என்ற பக்கத்தைத் திறந்தால் அளவுகள் எல்லாம் இருக்கும். ஆப்பிள் கம்ப்யூட்டரில் சிஸ்டம் செட்டிங்ஸில் டிராக்பேட் என்ற தலைப்பில் கிடைக்கும். அங்கே கவனிக்க வேண்டியவை இவை.

வேகம்: அம்புக்குறி ஓடிப்போய் ஒளிகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள். நான்கு முறை எடுத்து வைத்தும் திரையைக் கடக்கவில்லை என்றால் கூட்டுங்கள். கை நடுக்கம் உள்ளவர்களுக்கு வேகத்தைக் குறைப்பதே பெரிய நிவாரணம்.

தட்டல்: தட்டினாலே போதும் என்ற வசதியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை ஒவ்வொருவரும் தீர்மானிக்க வேண்டும். விரல் மூட்டுகளில் வலி உள்ளவர்களுக்கு அழுத்துவதைவிடத் தட்டுவது சுலபம். கை நடுங்குபவர்களுக்கோ, விரல் தற்செயலாகப் பட்டதெல்லாம் கட்டளையாகிவிடும் ஆபத்து உண்டு. அவர்கள் இந்த வசதியை அணைத்துவிட்டால், பலகையை 'டிக்' என்று அழுத்தினால்தான் வேலை நடக்கும். பணம் அனுப்பும் பக்கங்களில் இது நல்ல காவல். ஆப்பிள் கம்ப்யூட்டர்கள் வரும்போதே இது அணைக்கப்பட்டுத்தான் வருகின்றன. வேண்டுமானால் நாம் போட்டுக்கொள்ளலாம்.

உணர்திறன்: கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது கடைசி வரியில் போக வேண்டிய எழுத்துகள் திடீரென்று முதல் வரியில் போய் விழுகின்றனவா? கட்டைவிரலின் அடிப்பாகமோ உள்ளங்கையோ பலகையில் பட்டிருக்கிறது. விண்டோஸில் உணர்திறனைக் குறைத்து வைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

பக்கம் நகரும் திசை: விரலை மேலே தள்ளினால் பக்கமும் மேலே போக வேண்டுமா, எதிர்த்திசையில் போக வேண்டுமா என்பதை மாற்றிக்கொள்ளலாம். கைபேசிக்குப் பழகியவர்களுக்கு ஒன்று, பழைய மவுஸ்காரர்களுக்கு மற்றொன்று பிடிக்கும். வீட்டில் இருவர் பயன்படுத்தினால் ஆளுக்கு ஒரு கணக்குத் திறந்து, அவரவர் அளவை வைத்துக்கொள்ளலாம்.

அம்புக்குறியின் உருவம்: அம்புக்குறியைப் பெரிதாக்கவும், கறுப்போ மஞ்சளோ கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் நிறமாக மாற்றவும் வழி உண்டு. விண்டோஸில் இது அக்ஸஸிபிலிட்டி என்ற பகுதியில் இருக்கிறது. அம்புக்குறி கேட்கவில்லை என்று குறைப்படுபவர்களில் பலருக்கு உண்மையில் அது எங்கே இருக்கிறது என்றே தெரிவதில்லை. கண்புரை அறுவை செய்துகொண்டவர் வீட்டில் முதலில் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான்.

சிவப்புக் குமிழ் உள்ளவர்களுக்கு

அலுவலகங்கள் விற்றுவிடும் பழைய திங்க்பேட்கள் நம்மவர் கைக்கு நிறைய வருகின்றன. ஐ.பி.எம். 2005-ல் இந்தத் தொழிலை லெனோவோவுக்கு விற்ற பிறகும் குமிழ் தொடர்ந்து வந்தது. அது ஆடாத குச்சி. விரலால் எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதை அடியில் உள்ள அழுத்த உணரிகள் அறிகின்றன. லேசாகத் தள்ளினால் அம்புக்குறி மெதுவாகப் போகும், அழுத்தித் தள்ளினால் வேகமாகப் போகும். தள்ளிக்கொண்டே இருக்கும் வரை போய்க்கொண்டே இருக்கும். எடுத்து வைக்கும் வேலையே இல்லை. பொத்தான்கள் ஸ்பேஸ் விசைக்குக் கீழே உள்ளன. நடுப்பொத்தானை அழுத்திக்கொண்டு குமிழைத் தள்ளினால் பக்கம் நகரும்.

சில சமயம் கையை எடுத்த பிறகும் அம்புக்குறி தானாக ஒரு பக்கம் ஊர்ந்து போகும். பேய் பிசாசு ஒன்றும் இல்லை. குமிழைத் தொடாமல் சில விநாடிகள் விட்டால் உணரிகள் தம்மைச் சரிசெய்துகொண்டு நின்றுவிடும். தொப்பி தேய்ந்து வழுக்கினால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

தொல்லைகளும் காரணங்களும்

டச்பேட் அறவே வேலை செய்யவில்லையா? பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் கீபோர்டின் மேல் வரிசையைப் பாருங்கள். சில மாதிரிகளில் பலகைப் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். அது தெரியாமல் அழுந்தினாலே பலகை அணைந்துவிடும். மறுபடி அழுத்தினால் உயிர் வரும். தனி மவுஸ் செருகியிருந்தால் டச்பேட் அணையும்படி யாராவது அமைத்திருக்கவும் கூடும்.

சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் அம்புக்குறி நடுங்குகிறதா? சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். நடுக்கம் நின்றால் கோளாறு விரலில் இல்லை, மின்சாரத்தில் இருக்கிறது. டச்பேட் அளப்பது மிக நுண்ணிய மின்மாற்றம். தரக்குறைவான சார்ஜரிலிருந்தும், எர்த் இல்லாத இணைப்பிலிருந்தும் வரும் மின் இரைச்சல் அதைக் குழப்பிவிடும். நாம் குடியிருக்கும் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் இருக்கும், ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிப்பது கம்ப்யூட்டருக்கு மட்டுமல்ல, வீட்டிலுள்ளவர்களுக்கும் நல்லது.

ஒரு தொல்லையை மட்டும் ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. டச்பேட் ஒரு பக்கம் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? முன்பு 'டிக்' என்று இறங்கிய பலகை இப்போது இறங்க மறுக்கிறதா? மூடி சமமாக மூடவில்லையா? பல மடிக்கணினிகளில் பலகைக்கும் உள்ளங்கை வைக்கும் இடத்துக்கும் அடியில்தான் பேட்டரி இருக்கிறது. லித்தியம் பேட்டரி பழுதானால் உள்ளே வாயு சேர்ந்து உப்பும். அது பலகையை மேலே தள்ளும். அது தீப்பிடிக்கும் அபாயம் உள்ள நிலை. பலகையை அழுத்தி உட்கார வைக்க முயலாதீர்கள். கம்ப்யூட்டரை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, மறுபடி சார்ஜ் செய்யாமல், பழுது பார்க்கும் நிலையத்துக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். ஊரிலிருந்து வந்த பழைய கம்ப்யூட்டரை நீண்ட நாள் கழித்து எடுக்கும்போது, முதலில் இதைப் பாருங்கள்.

பலகை முழுவதும் கைவிட்டாலும் வேலை நிற்க வேண்டியதில்லை. டேப் விசை ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். என்டர் சம்மதம் சொல்லும். ஆல்ட்டும் டேப்பும் சேர்ந்தால் பக்கம் மாறும். ஷிஃப்ட்டும் எஃப் 10-உம் சேர்ந்தால் வலது பொத்தான் பட்டியல் வரும். விண்டோஸ் விசையும் ஐ எழுத்தும் சேர்ந்தால் செட்டிங்ஸ் திறக்கும்.

கைக்கு நோகாமல்

அரை மணி, ஒரு மணி வேலைக்கு டச்பேட் போதும். நாள் முழுவதும் கணக்கு எழுதுபவர்களுக்கும், படம் வரைபவர்களுக்கும் யு.எஸ்.பி. மவுஸ் ஒன்றை வாங்கிக்கொள்வதே நலம். இதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரைக் கட்டிலில் வைத்துக் குனிந்து தடவாதீர்கள். மேஜையில் வைத்து, முழங்கை உடம்போடு ஒட்டியிருக்க, மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக இருக்கும்படி உட்காருங்கள். மேஜையின் கூரான விளிம்பு மணிக்கட்டை அறுத்தால் ஒரு துண்டை மடித்துப் போடலாம். விரல்களில் மரத்துப்போதலோ வலியோ தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பலகை முன்பக்கத்தில் இருப்பதால் இடது விரலாலும் தாராளமாக ஓட்டலாம்.

புதிதாக வாங்குபவர்கள் டில்லி நேரு பிளேஸாகட்டும், மும்பை லேமிங்டன் ரோடாகட்டும், பெங்களூரு எஸ்.பி. ரோடாகட்டும், கடைக்காரர் நினைவகம், வட்டு என்று அடுக்கும் கணக்கைக் கேட்ட பிறகு, ஐந்து நிமிஷம் டச்பேடைத் தடவிப் பாருங்கள். இரண்டு விரலால் பக்கத்தை நகர்த்துங்கள். நான்கு மூலைகளையும் அழுத்துங்கள். யார் பயன்படுத்தப் போகிறாரோ அவர் விரலே தொட்டுப் பார்ப்பது நல்லது. மற்றதையெல்லாம் பிறகு கூட்டிக்கொள்ள இடமுண்டு. வீட்டில் தினமும் கை படப்போவது இந்தப் பலகையில்தான்.

கற்றுத் தருபவர்களுக்கு

இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. தாத்தா பாட்டிக்குச் சொல்லிக் கொடுக்க உட்காரும் நீங்கள், அவர்கள் இரண்டு முறை தடுமாறியதும், "கொடுங்க, நானே பண்ணிடறேன்" என்று கம்ப்யூட்டரைத் தம் பக்கம் இழுத்துக்கொள்கிறீர்கள். வேலை முடிந்துவிடும், பாடம் நின்றுவிடும். உங்கள் கை பலகைக்குப் போகவே கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் மட்டும் பேசட்டும்.

பாடத்தையும் வங்கிப் பக்கத்தில் தொடங்காதீர்கள். தவறிப்போனால் பணம் போய்விடுமோ என்ற பயத்தில் விரல் விறைத்துக்கொள்ளும். சீட்டாட்டம் ஒன்றைத் திறந்து கொடுங்கள். சீட்டை இழுத்து வைப்பதில் விரலுக்கு வேண்டிய பயிற்சி அனைத்தும் அடங்கியிருக்கிறது. விண்டோஸ் 1990-ல் தன் சீட்டாட்டத்தைத் தந்தபோது, இழுத்து வைக்கும் மவுஸ் பழக்கம் மக்கள் கைக்கு அதன் மூலம் வந்து சேர்ந்தது. நாளொன்றுக்குப் பத்து நிமிஷம், ஒரு வாரம் ஆடட்டும். அடுத்த வாரம் செய்தித்தாள் பக்கத்தைப் படிக்கட்டும். மூன்றாவது வாரம் ரயில் டிக்கெட். வங்கி கடைசியாக. அங்கே ஒரு விதியை மட்டும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்: பணம் அனுப்பும் பொத்தானை ஒரு முறைதான் அழுத்த வேண்டும். திரை மாறத் தாமதமானால் கையை எடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில், யாரோ கைபிடிக்க, ஆள்காட்டி விரலால் முதல் எழுத்தை எழுதியவர்கள் நீங்கள். அதே விரல்தான் இதற்கும் வேண்டியது. அந்தக் காலத்தில் கைபிடித்தவர் ஒரு நாள் கையை விட்டார், அதன் பிறகுதான் எழுத்து உங்களுடையதாயிற்று. அலமாரியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை இன்று மாலையே இறக்கி, தூசி தட்டி, பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்து, வேகத்தைக் குறைத்து, அம்புக்குறியைப் பெரிதாக்கி, சீட்டாட்டத்தைத் திறந்து உட்காருங்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் டிக்கெட்டை நீங்களே எடுங்கள். கடவுச்சொல் உங்கள் மனதோடு இருக்கட்டும்.